பாயசம் முடிவதற்குள் ஒரு நாலாம் வகுப்பு

என் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. குரலை மட்டும் சாமி தாராளமாகக் கொடுத்துவிட்டார். பினாங்கில், ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் நான் சலவைத் தொழில் செய்த காலத்தில், இந்தக் கரைக் கல்லில் துணியை அடித்துக்கொண்டே அந்தக் கரையில் காய்கிற துணியை எடுக்கச் சொல்லிக் கத்துவேன். ஆள் எழுந்திருப்பதற்கு முன்னால் கொக்குகள் எழுந்து பறக்கும். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையார் கோயிலில் நான் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பாட, மற்றவர்கள் பின்னால் பாடுவார்கள். என்னைப் படித்தவன் என்று நாலு பேர் நினைத்ததற்கு இந்த இரண்டையும் தவிர வேறு காரணம் இல்லை.

கோயிலை ஒட்டி அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரே கூடம். அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். ஒரே வாத்தியார். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று மூன்றுக்கும் அவர் ஒருவரே. முதல் வகுப்புக்கு அகரம் எழுதப் போட்டுவிட்டு, இரண்டாம் வகுப்பை வாய்ப்பாடு சொல்லவிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேலே மூன்றாம் வகுப்புக்கு ஆத்திசூடிக்குப் பொருள் சொல்வார். மூன்றாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அதற்குமேல் படிக்க வேண்டிய பையன்கள் டவுனுக்கு நடந்து போனார்கள். பெண் பிள்ளைகளை அங்கே சேர்ப்பதில்லை. அவர்கள் வீட்டில் நின்றார்கள்.

அந்த வருடம் என் மகள் மூன்றாம் வகுப்பை முடித்திருந்தாள். எழுதப் படிக்க என்னைவிட ஒரு வகுப்பு கூட. வீட்டுக்கு வருகிற துணிகளில் குறி போடுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டு, எந்தத் துணி எந்த வீடு என்று ஒரு காகிதத்தில் அழகாக எழுதி வைப்பாள். "அப்பா, நாலாவதுல கணக்குல பின்னம் வருமாம்பா" என்று ஏதோ பலகாரத்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வாள். அதென்ன பின்னம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கேட்டது அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று மட்டும் பிள்ளையாரிடம் தினமும் சொல்லிவந்தேன்.

எங்கள் பள்ளிக்கு வருடம் பிறப்பது விஜயதசமியன்று. சரசுவதி பூசைக்குப் புத்தகத்தையெல்லாம் சாமி முன்னால் அடுக்கிவைத்து, மறுநாள் எடுத்து, சின்னப் பிள்ளைகளுக்கு அரிசியில் எழுத்துப் போட்டு, வாத்தியார் வருட அறிக்கை வாசிப்பார். போன வருடம் என்ன செய்தோம், வருகிற வருடம் என்ன செய்யப் போகிறோம் என்று இரண்டும் அதில் இருக்கும். பிறகு எல்லோருக்கும் இலைச் சாப்பாடு.

அந்த விஜயதசமிக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். தமிழர்தான். முன்கூட்டியே வாத்தியாரிடம் சொல்லியிருந்தார்: நாலாம் வகுப்பு வேண்டுமென்றால் தடுத்த இடம் வேண்டும், பெஞ்சு வேண்டும், கரும்பலகை வேண்டும், இன்னொரு வாத்தியார் வேண்டும், உங்கள் குறைகளை அறிக்கையில் எழுதுங்கள், சபையில் கேட்டுக்கொண்டு மேலிடத்துக்குச் சொல்கிறேன், இந்தத் தடவை முடியாவிட்டால் அடுத்த விஜயதசமிதான். வாத்தியாரும் இரவு பகலாக உட்கார்ந்து எழுதினார். எழுதியவர், பிள்ளைகளுக்குக் கும்மி பழக்குகிறேன் என்று ஒரு வாரம் கத்தியதில் தொண்டையை முழுசாகத் தொலைத்துவிட்டார். விஜயதசமி காலையில் அவர் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

கோயில் தலைவர், பத்துப் பன்னிரண்டு பால்மாடு வைத்திருந்த பெரிய மனிதர், என் தோளில் கையைப் போட்டார். "தம்பி, ஒன்னை விட்டா ஆளு ஏது? படிச்சிரு."

"அண்ணே, பாட்டுப் புத்தகம்னா பழகினது. இது கையெழுத்தாச்சே."

"வாத்தியார் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும்லா. கண்ணை மூடிக்கிட்டுப் படிக்கலாம்."

வாத்தியார் என் கையில் காகிதத்தைக் கொடுத்துக் கும்பிட்டார். அவரைப் போய்க் கும்பிட வைத்துவிட்டோமே என்று பதறி வாங்கிக்கொண்டேன். முன்கூட்டி ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்ற புத்தி எனக்கு வரவில்லை.

கூடத்தில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் ஐயா மாலையோடு நாற்காலியில் இருந்தார். நான் எழுந்து நின்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரலில் ஆரம்பித்தேன். முதல் பக்கம் வெண்ணெய்போலப் போயிற்று. மூன்றாம் வகுப்பில் எல்லோரும் தேறினார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் எங்கள் பிள்ளைகள் பாடினார்கள். பள்ளித் தோட்டத்தில் பப்பாளி காய்த்து, பிள்ளைக்கு ஒரு கீற்று வீதம் எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கைத்தட்டல். என் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து பெருமையாகப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரி: "நம் பள்ளியில் மணி இல்லை."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டில் விளக்கு எரியும்போது 'இல்லை' என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டோம். உப்புத் தீர்ந்தால்கூட "உப்பு வாங்கணும்" என்றுதான் சொல்வோம். வீட்டைச் சுற்றித் தேவதைகள் நடமாடும், நாம் எதைச் சொன்னாலும் "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிடும் என்று என் தாய் தகப்பன் சொல்லி வளர்த்தார்கள். இங்கேயோ விஜயதசமி, ஐந்துமுக விளக்கு, சாட்சாத் பிள்ளையார். மணி இல்லை என்று நான் சொல்லி, ஆகட்டும் என்று தேவதை சொல்லிவிட்டால்? கண் கீழே ஓடியது. தடுப்பு இல்லை. பெஞ்சு இல்லை. கரும்பலகை ஒன்றுக்கு மேல் இல்லை. நாலாம் வகுப்பு இல்லை. அதற்கு ஆசிரியர் இல்லை. ஒரு பக்கம் முழுக்க இல்லை இல்லை என்று எறும்புபோல ஊர்ந்தது. என் மகளின் நாலாம் வகுப்பை என் வாயாலேயே இல்லை என்று சொல்லவா?

"நம் பள்ளியில் மணி இருக்கிறது!" என்றேன்.

சொன்னதும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. "தடுப்பு இருக்கிறது! பெஞ்சு இருக்கிறது! கரும்பலகை இருக்கிறது!" கைத்தட்டல் கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தது. வாத்தியார் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்தேன். "நாலாம் வகுப்பு இருக்கிறது! அதற்கு ஆசிரியர் இருக்கிறார்!" என்று கோயில் மணி அதிரும்படி முழங்கினேன். அந்த வேகத்தில் கடைசி வரியும் வந்துவிட்டது. அது உண்மையில் நல்ல சேதி. மருத்துவமனை நர்ஸ் அம்மா வந்து பார்த்ததில் பிள்ளைகள் தலையில் பேன் இல்லை என்று வாத்தியார் எழுதியிருந்தார். வண்டி நிற்கவில்லை. "நம் பிள்ளைகள் தலையில் பேன் இருக்கிறது!" என்று கூவி, காகிதத்தை மடித்துக் கும்பிட்டேன்.

ஒரு பையன் கிக்கிக் என்றான். அவ்வளவுதான், கூரை பறந்ததுபோலச் சிரிப்பு. வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் பக்கத்துப் பிள்ளையின் தலையைப் பிரித்துப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா சிரிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "ரொம்ப சந்தோசம். குறை சொல்லுவீங்க, எழுதிக்கலாம்னு பேனாவோட வந்தேன். நீங்க மணி இருக்குங்கிறீங்க, பெஞ்சு இருக்குங்கிறீங்க, நாலாவதும் இருக்குங்கிறீங்க. அப்புறம் எங்க ஒத்தாசை எதுக்கு? சாப்பிட்டுட்டு எல்லாத்தையும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போறேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கடைசி அயிட்டம் உட்பட," என்றார்.

அவரை இலை போட்டிருந்த கோயில் மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். நான் கூடத்தின் பின்பக்கம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் என் எதிரில் வந்து, குரல் இல்லாமல், இரண்டு கையையும் விரித்து வானத்தைக் காட்டினார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

என் மனைவி வந்தாள். "ஏங்க, பைத்தியமா புடிச்சிருச்சு?"

"விளக்கு முன்னால எப்படி இல்லேன்னு சொல்றது?"

"அது சரி. பேனு?"

"அது வேகத்துல வந்துருச்சு."

"சாமி ஆகட்டும்னு சொல்லியிருந்தா, இன்னிக்கு ராத்திரி எல்லாத் தலையையும் நீங்கதான் வாரிவிடணும்."

மகள் அவள் பின்னால் நின்றாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "அப்போ நாலாவது கிடையாதாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"போய் உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுகிறேன்" என்று புறப்பட்டேன். கோயில் தலைவர் மறித்தார். "எங்கே போறே? பிள்ளையார் முன்னால இருக்குன்னு சொல்லியாச்சு. இப்போ இல்லேன்னா பிள்ளையாருல்ல பொய்யனாவாரு? அந்த ஆளு இப்பத்தான் உட்கார்ந்திருக்காரு. சாம்பார், ரசம், மோர், பாயசம். அதுக்குள்ள இருக்க வச்சிட்டா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் மனைவிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "பாயசத்தை நான் பாத்துக்கறேன். அவரு எந்திரிக்கமாட்டாரு" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு பந்திக்கு ஓடினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. சலவைக்காரர் வீடுகள் பள்ளிக்குப் பின்னாலேயே இருந்தன. நாலு பேர் என் இஸ்திரி மேசையைத் தூக்கி வந்தார்கள். கரி வாசனையோடு அது நீள டெஸ்க் ஆயிற்று. சவுக்காரம் வந்த மரப்பெட்டிகளைக் கவிழ்த்து மேலே ஒரு மாட்டு வண்டிப் பலகையைப் போட்டதும் பெஞ்சு வந்துவிட்டது. வண்டிக்காரன், "அண்ணே, நாளைக்குக் காலையில எனக்கு வேணும்லா!" என்று பலகையோடு கூடவே ஓடிவந்தான். அடி போன பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கயிறு கட்டி வாசலில் இருந்த மரக்கிளையில் தொங்கவிட்டு, கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினோம். ணங் என்று அப்படி ஒரு நாதம்! பசுக்கள் திரும்பிப் பார்த்தன.

தடுப்புத்தான் கஷ்டமாகிவிட்டது. கொடி முழுக்க ஊரார் போர்வைகள் வெள்ளைவெளேரென்று ஆடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றையும் தொடக்கூடாது என்று நான் சத்தம் போட்டேன். நம்பிக் கொடுத்த துணி. அதைக் கட்டி வைத்துப் பிள்ளை படித்தால் படிப்பு ஒட்டாது. ஆனால் ஊருக்கெல்லாம் வெளுக்கிற எங்கள் வீடுகளில் கிழியாத வெள்ளை என்று ஒன்றும் தேறவில்லை. ஒருத்தி தன் பச்சைச் சேலையைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி பூப்போட்ட கைலி. மூன்றாவதாகத் தலைவர் தம் தோளில் கிடந்த ஜரிகைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் கொடிக்கயிற்றில் மூங்கில் கிளிப் போட்டு மாட்டினோம். கொஞ்சம் திருவிழாக் கடை போல இருந்தது, ஆனாலும் தடுப்பு தடுப்புத்தான்.

கரும்பலகைக்கு இஸ்திரிக் கரியை இடித்து, கஞ்சியில் குழைத்து, ஒரு பலகையில் நானே பூசினேன். காயவில்லை. விசிறினேன். காயவில்லை. முருகா முருகா என்று ஊதினேன்.

நடுநடுவே பந்தியிலிருந்து பிள்ளைகள் சேதி கொண்டுவந்தார்கள். "ரசம் ஆச்சு!" "மோரு ஆச்சு!" "அத்தை முதல் பாயசம் ஊத்திட்டாங்க!" என் மனைவியின் குரல் இங்கேயே கேட்டது. "ஐயா, இது பருப்புப் பாயசம்ங்க. அடுத்து சேமியாப் பாயசம் வருது. விஜயதசமிக்கு ரெண்டும் சாப்பிட்டாத்தான் விசேசம்." சேமியாப் பாயசம் என்று ஒன்று அன்றைய சமையலிலேயே இருக்கவில்லை. அதே பாயசத்தில் தேங்காய்ப்பாலை ஊற்றி இரண்டாவது சட்டியில் கொண்டுபோனாளாம்.

மூன்றாவது தடவை அவர் இலையை மடித்துவிட்டார்.

வந்தார். கிளையில் தொங்கிய இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். கரண்டியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். ணங். "மணி இருக்கு" என்றார். உள்ளே வந்து பச்சைச் சேலையையும் ஜரிகைத் துண்டையும் தொட்டுப் பார்த்தார். "தடுப்பு இருக்கு." பெஞ்சின் ஓரத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற வண்டிக்காரனை மேலும் கீழும் பார்த்தார். "பெஞ்சும் இருக்கு, அதுக்குக் காவலும் இருக்கு." கரும்பலகையில் விரலை வைத்தார். விரல் கறுப்பாக வந்தது. அதே விரலால் மீசையைத் தடவிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. சொல்ல யாருக்குத் தைரியம்?

தடுப்புக்கு உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் முதல் ஆளாக. "ஆசிரியர் யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆசிரியர்! மணி, பெஞ்சு, பலகை என்று ஓடின ஓட்டத்தில் ஆளை மறந்தே போனோம். வாத்தியார் தம்மைக் காட்டினார். "நீங்க மூணாவதுக்கு. நாலாவதுக்கு யாரு?" என்றார் அவர். வாத்தியார் வாயைத் திறந்தார். காற்று வந்தது.

வாசலில் பாயசக் கரண்டியோடு நின்றிருந்த வாத்தியார் மனைவியை என் மனைவி முதுகில் தள்ளினாள். "அக்கா, கரண்டிய எங்கிட்ட குடுங்க. நீங்க ஊர்ல ஏழாவது வரைக்கும் படிச்சவங்கதானே. ராத்திரி ராத்திரி அண்ணனுக்குச் சிலேட்டுத் திருத்தறது யாரு, எனக்குத் தெரியாதா?"

அந்த அம்மா ஆண்கள் இருக்கிற இடத்தில் நின்றே நாங்கள் பார்த்ததில்லை. முகம் சிவந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே வந்து, ஈரப் பலகையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். நடுவில் ஒரு கோடு. "இது ஒரு அப்பம். ரெண்டு பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு எவ்வளவு?" குரல் மெல்லியது, ஆனால் ஆடவில்லை.

"அரை!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, பின்னம் என்றால் அப்பத்தைப் பங்கு போடுவது.

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மகள் முன்னால் குனிந்தார். "நாலாவது வகுப்புல இதுவரைக்கும் என்னென்ன பாடம் நடந்துச்சும்மா?"

பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்குச் சொல்லி வளர்த்தவன் நான். உண்மை சொன்னால் எல்லாம் போயிற்று. அவள் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையாரைப் பார்த்தேன்.

எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணும் நடக்கலீங்க ஐயா. நீங்க ரெண்டாவது பாயசம் சாப்பிட்டப்பத்தான் பெஞ்சே வந்துச்சு. இந்த அப்பக் கணக்குத்தான் முதல் பாடம்." மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்குப் பிடிச்சிருக்கு ஐயா. நாளைக்கும் நடந்தா நல்லாருக்கும்," என்றாள்.

அந்த மனிதர் முதலில் தோள் குலுங்கினார். அப்புறம் வயிறு குலுங்கிற்று. பிறகு இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். கண்ணைத் துடைக்கப் போய்க் கன்னத்திலும் கரி. அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்க, தலைவர் சிரிக்க, குரல் போன வாத்தியார் சத்தமில்லாமல் சிரிக்க, நான் மட்டும் அழுதேன். சந்தோஷமா பயமா, பிரித்துச் சொல்ல முடியாது.

"இருபது வருசமா பள்ளிக்கூடம் பார்க்கிறேன்" என்றார், சிரிப்பு அடங்கியதும். "பெஞ்சு குடு, அப்புறம் பிள்ளை வரும்பாங்க. இங்க பிள்ளை வந்து பெஞ்சைத் தேடுது." வருகைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கரி விரலோடு எழுதினார். எழுதியதை வாத்தியார் என்னிடம் நீட்டினார். நான் வாசிக்கமாட்டேன் என்று கையை உதறினேன். என் மகள்தான் வாசித்தாள்: "நான்காம் வகுப்பு நடைபெறக் கண்டேன். ஆசிரியையின் சம்பளத்துக்கும் பெஞ்சுகளுக்கும் இன்றே எழுதுகிறேன். வகுப்பை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்."

வண்டி ஏறும்போது என்னைக் கூப்பிட்டார். "உங்களைத்தானே. தலை விசயத்துல மட்டும் அறிக்கையைத் திருத்திருங்க. இல்லேன்னா நர்ஸம்மா என்னைச் சண்டைக்கு இழுப்பாங்க."

மறுநாள் விடிவதற்கு முன்னால் வண்டிக்காரன் பலகையை எடுத்துப் போய்விட்டான். என் மேசையை நான் திருப்பி எடுக்கவில்லை. ஒரு மாதம் தரையில் குந்தி இஸ்திரி போட்டேன், முதுகு இன்றும் அதைச் சொல்லும். அன்று காலை நாலாம் வகுப்பு சவுக்காரப் பெட்டிகளில் உட்கார்ந்தது. வாத்தியாரம்மா தலை நிமிர்ந்து வந்தார். இஸ்திரிப் பெட்டி ணங் என்றது. நான் துணி மூட்டையோடு ஆற்றுக்குப் போக வேண்டியவன். போகாமல் வேலியோரம் நின்று, பச்சைச் சேலைக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையில் அப்பம் நாலு துண்டாகியிருந்தது. கால், அரை, முக்கால் என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல நானும் வாய்க்குள் சொன்னேன். வாய்க்குள் என்றுதான் நினைத்தேன். என் குரலுக்கு வாய்க்குள் சொல்லத் தெரியாது.

என் மகள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கம் தாளவில்லை. மேசைக்குக் கீழே கையை வைத்து, யாருக்கும் தெரியாமல், போங்கப்பா, போங்க என்று விரட்டினாள்.

போனேன்.